காட்டுத் தீயும் சோர்ந்த உலோகமும்

2002-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில், வாக்கர் என்னும் சிற்றூருக்கு அருகே காடு எரிந்துகொண்டிருந்தது. நான்கு எஞ்சின்கள் கொண்ட சி-130ஏ வகை விமானம் ஒன்று மலைச்சரிவையொட்டித் தாழப் பறந்து வந்து, தன் வயிற்றிலிருந்து செந்நிறத் தீத்தடுப்புக் கலவையைக் கொட்டியது. கொட்டி முடிக்கும் தறுவாயில் அதன் இறக்கைகள் இரண்டும் மேல்நோக்கி மடங்கிக் கழன்றன. முதலில் வலது இறக்கை. ஒரு விநாடிகூட ஆவதற்குள் இடது இறக்கை. இறக்கையற்ற உடல் நிலத்தில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த மூவரும் மாண்டனர். இக்காட்சி தரையிலிருந்து படம்பிடிக்கப்பட்டுத் தொலைக்காட்சியில் உலகெங்கும் காட்டப்பட்டது.

அந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, காட்டுத் தீதான் விமானத்தை ஏதோ செய்துவிட்டது என்பதே. தீயின் வெப்பமோ, அதனால் எழும் சூறைக்காற்றோ காரணமாக இருக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த இறக்கையின் நோய் அன்றைய தீயைவிடப் பழையது. நோய்க்கு ஒரு பெயருண்டு. பௌதிக மாணவர்கள் அதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உலோகச் சோர்வு என்பது அதன் பெயர். அது எவ்வாறு பல ஆண்டுகள் கண்ணில் படாமல் வளர்ந்தது, கண்ணில் பட்டபோதும் எவ்வாறு தவறாகப் படிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போர்க்களத்திலிருந்து காட்டுக்கு

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். பெரிய தீயணைப்பு விமானங்கள் பெரும்பாலும் தீயின் மேல் தண்ணீரைக் கொட்டி அதை அணைப்பதில்லை. தீ பரவிவரும் திசையில், அதற்கு முன்பாக, செடிகொடிகளின் மேல் ஓர் இரசாயனக் கலவையைக் கோடு போட்டதுபோல் கொட்டிச் செல்கின்றன. அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்புகள் கலந்த அக்கலவை இலைதழைகளில் ஒட்டிக்கொண்டு அவை எரிவதைத் தாமதப்படுத்தும். எங்கே கொட்டியாயிற்று என்று மேலிருந்து தெரிவதற்காக இரும்பு ஆக்ஸைடு சேர்த்துச் சிவப்பாக்குகிறார்கள். தீ அந்தக் கோட்டருகே வந்து தயங்கும் நேரத்தில், தரையில் மண்வெட்டியோடு நிற்கும் ஆட்கள் வந்து வேலையை முடிக்க வேண்டும். தொடக்க காலத்தில் போரேட் உப்பைக் கொட்டினார்கள். அது கொட்டிய இடத்தில் பிறகு புல்பூண்டுகூட முளைக்கவில்லை என்று கண்டு கைவிட்டார்கள். காட்டைக் காப்பாற்றப் போய் மண்ணை மலடாக்கிய கதை அது.

இம்முறை நடைமுறைக்கு வந்தது 1955-இல். வட கலிபோர்னியாவின் மெண்டசீனோ தேசியக் காட்டில் தீப்பிடித்தபோது, வில்லோஸ் என்னும் ஊரில் பயிர்களுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்த ஸ்டியர்மன் என்னும் இரட்டைத்தட்டு இறக்கை விமானத்தில் தொட்டி பொருத்தித் தண்ணீர் கொட்டினார்கள். சோதனை வெற்றி பெற்றது. சின்ன விமானம் போதாதென்று பெரிய விமானங்களைத் தேடியபோது அவை மலிவாகவே கிடைத்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்து, வேலையற்றுப்போன குண்டுவீச்சு விமானங்கள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்த காலம் அது. குண்டு வைக்கும் அறையில் தொட்டி வைத்தால் தீயணைப்பு விமானம் தயார். தனியார் நிறுவனங்கள் அவற்றை வாங்கிப் பழுதுபார்த்து, கோடைதோறும் அரசின் வனத்துறைக்கு ஒப்பந்தத்தில் ஓட்டின. பிற்காலத்தில் விமானப்படை கழித்துவிட்ட சரக்கு விமானங்களும் இவ்வரிசையில் சேர்ந்தன. வாக்கரில் விழுந்த சி-130ஏ அப்படி வந்ததுதான். 1957-இல் கட்டப்பட்ட அதற்கு அப்போது வயது நாற்பத்தைந்து.

விமானத்துக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பத்திரிகைகள் பலவும் அப்படித்தான் எழுதின. அது பாதி விடைதான். அதே வயதுடைய எத்தனையோ விமானங்கள் இறக்கை ஒடியாமல் பறந்திருக்கின்றன. ஓர் இறக்கையின் வயதை எதைக் கொண்டு கணக்கிடுவது என்பதே இங்கு கேள்வி.

இறக்கை சுமக்கும் பளு

நேராக, மட்டமாகப் பறக்கும் விமானத்தில் இறக்கைகள் தரும் தூக்குவிசை விமானத்தின் எடைக்குச் சமம். இதை ஒரு 'ஜி' பளு என்கிறோம். இப்போது நம் தீயணைப்பு விமானத்தை எண்ணிப் பாருங்கள். சி-130ஏ தன் தொட்டியில் ஏறத்தாழ 11,000 லிட்டர் கலவையைச் சுமக்கும். எடை சுமார் 12 டன். மிக உயரத்திலிருந்து கொட்டினால் கலவை காற்றில் சிதறிப் பனிபோல் பறந்துபோகும். ஆகவே மரங்களின் உச்சிக்கு மேலே ஐம்பது, அறுபது மீட்டர் வரை தாழ்ந்து வரவேண்டும். மலைச்சரிவின் வழியே இறங்கி, கொட்டிவிட்டு, எதிரே நிற்கும் மலை மேல் மோதாமல் மூக்கைத் தூக்கி மேலேற வேண்டும்.

இந்த மூக்கைத் தூக்கும் செயலில்தான் பௌதிகம் ஒளிந்திருக்கிறது. கீழ்நோக்கி வந்த விமானம் மேல்நோக்கித் திரும்பும்போது அதன் பாதை ஒரு வட்டத்தின் வில். வட்டப் பாதையில் செல்ல மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவதற்கு இறக்கையைத் தவிர வேறு எதுவும் இல்லை. வேகம் விநாடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் என்று கொள்வோம். வளைவின் ஆரம் 500 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 4900-ஐ 500-ஆல் வகுத்து 9.8 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கமும் அதுவேயன்றோ! ஆக, எடையைத் தாங்க ஒரு பங்கு, வளைவுக்காக இன்னொரு பங்கு. இறக்கை இரண்டு 'ஜி' பளுவைச் சுமக்கிறது. ஐம்பது டன் விமானம் அக்கணத்தில் நூறு டன் விமானமாகிவிடுகிறது என்று சொன்னால் தவறில்லை. பக்கவாட்டில் 60 பாகை சாய்ந்து திரும்பினாலும் இதே இரண்டு பங்குதான். இதோடு தீக்கு மேலே எழும் வெப்பக் காற்றின் உதைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயணிகள் விமானத்தில் சென்றவர்களுக்குத் தெரியும், விமானி எவ்வளவு மெதுவாகத் திருப்புகிறார் என்று. அங்கே இரண்டு 'ஜி' என்பது அபூர்வம். தீயணைப்பில் அது அன்றாட அலுவல். அதுவும் ஒரு நாளைக்குப் பல தடவை.

இரண்டு 'ஜி'யால் இறக்கை உடனே முறிந்துவிடாது. அதைவிட அதிகப் பளுவைத் தாங்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் முறிந்தது?

களைத்துப்போகும் உலோகம்

ஒரு கட்டுக்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து அறுக்கப் பார்த்தால் கைதான் வலிக்கும். ஆனால் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து தடவை வளைத்தால் சட்டென்று முறிகிறது. இதை முறையாக ஆராய்ந்தவர் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் வண்டிகளின் அச்சுகள் எவ்வித அதிகப் பளுவும் இன்றி ஓடும் வழியில் முறிந்துகொண்டிருந்தன. பளுவின் அளவு மட்டும் அன்று, அது எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதும் உலோகத்தின் ஆயுளை முடிவு செய்கிறது என்று வோலர் காட்டினார். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. தகைவு அதற்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் தாங்கும். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகளுக்கு அப்படிப்பட்ட தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சின்னப் பளுவும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

விமான உலகம் இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலுக்கு மேலே சிதறின. அதே வகை விமானம் ஒன்றை பார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். முன்பு உண்மையில் பறந்தவற்றையும் சேர்த்து 3,057 பயணங்களுக்குச் சமமான சோதனையில் அதன் உடல் கிழிந்தது. அதன் பிறகு உலோகச் சோர்வைக் கணக்கில் கொள்ளாமல் எவரும் பயணிகள் விமானம் கட்டியதில்லை.

சோர்வு எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் ஒரு துளையில். இறக்கைத் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளுக்கான துளைகளின் விளிம்பில் தகைவு குவிகிறது. அங்கே மயிரிழையிலும் மெல்லிய கீறல் விழுகிறது. ஒவ்வொரு தடவை பளு ஏறும்போதும் அது சிறிது வாய் திறந்து மேலும் சிறிது முன்னேறுகிறது. இறக்கை மேல்நோக்கி வளையும்போது அதன் மேற்பரப்பு அமுங்குகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. ஆகையால் கீறல் வாய் திறப்பது அடிப்பரப்பில்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். கீறல் வளரும் வேகம் தகைவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. ஏற்ற இறக்கத்தின் அளவு இரு மடங்கானால், அலுமினியக் கலவைகளில் கீறலின் வளர்ச்சி ஏறக்குறைய எட்டு முதல் பதினாறு மடங்கு வரை ஆகிறது. தீயின் மேல் பறக்கும் ஒரு மணி நேரமும் சரக்கு ஏற்றிக்கொண்டு நேராகப் பறக்கும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். பறந்த மணிகளைப் பதிவேட்டில் கூட்டிப் பார்த்து இறக்கையின் வயதைச் சொல்ல முடியாது.

தகட்டை இன்னும் தடிமனாக்கினால் என்ன என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சி-130ஏ கட்டிய நிறுவனமே அதைத்தான் செய்திருந்தது. இறக்கையின் அடித்தகட்டில் ஓரிடத்தில் வலுவுக்காக இன்னொரு தகட்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அதன் விளைவைப் பாருங்கள்.

வாக்கர் விபத்தின் சிதைவுகளை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. வலது இறக்கையின் அடித்தகட்டில் 12 அங்குல நீளச் சோர்வுக் கீறல் இருந்தது. அருகருகே இருந்த ரிவெட் துளைகளில் தனித்தனியே பிறந்த கீறல்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. அவ்விடத்தை அந்த வலுவூட்டும் மேல்தகடு மூடியிருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கீறல் தெரிந்திருக்காது. ஊடுகதிர்ப் படமோ, கேளா ஒலிச் சோதனையோ, சுழல் மின்னோட்டச் சோதனையோ வேண்டும். அதுவும் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வலு சேர்த்த தகடே நோயை மறைக்கும் போர்வையாகிவிட்டது.

மீண்டும் படிக்கப்பட்ட சான்று

வாக்கர் விபத்து நடந்து ஒரு மாதம் ஆயிற்று. 2002 ஜூலை 18-ஆம் நாள் கொலராடோ மாநிலத்தில் எஸ்டஸ் பார்க் அருகே மற்றொரு தீ. அங்கே கலவை கொட்டத் திரும்பிக்கொண்டிருந்த பிபி4ஒய்-2 வகை விமானம் ஒன்றின் இடது இறக்கை பிய்ந்துபோயிற்று. இருவர் இறந்தனர். விமானம் விழுந்த இடத்தில் புதிதாக ஒரு தீ மூண்டது. இது இரண்டாம் உலகப்போர்க் காலக் கடற்படை விமானம். இதிலும் இறக்கையின் முதன்மை உத்திரத்தின் அடிப்பகுதியில் சோர்வுக் கீறல். இதிலும் கீறல் இருந்த இடத்தைத் தீத்தடுப்புக் கலவைத் தொட்டிகள் மறைத்திருந்தன. இரண்டு விமானங்களையும் ஓட்டியது ஒரே நிறுவனம் என்பதால் அதன் மேல் மட்டும் பழி போடுவது எளிதாக இருந்தது. அது நியாயம் அன்று என்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு விபத்தே சாட்சி.

1994 ஆகஸ்ட் 13-ஆம் நாள், வேறொரு நிறுவனத்தின் சி-130ஏ விமானம் ஒன்று தீயை நோக்கிச் செல்லும் வழியில், தெற்குக் கலிபோர்னியாவின் பேர்பிளாசம் ஊருக்கு அருகேயுள்ள மலையில் சிதறி விழுந்தது. அதிலும் மூவர் பலி. தீப்பிழம்பு பளிச்சிட்டதையும் வலது இறக்கை பிரிந்ததையும் கண்டவர்கள் இருந்தனர். எரிபொருள் வெடித்து, அதனால் இறக்கை பிய்ந்தது என்று அப்போது விசாரணையாளர் முடிவு கட்டினர். முடிவு பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசை மாறியிருக்கலாம் அல்லவா? இறக்கை முதலில் பிய்ந்தால், கிழிந்த தொட்டியிலிருந்து எரிபொருள் சிந்தி எஞ்சினின் வெப்பத்தில் பற்றிக்கொள்ளும். கீழே நின்று பார்ப்பவருக்கு இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றுபோலவே இருக்கும்.

உடைந்த பரப்பு மட்டும் பொய் சொல்லாது. ஒரே உதையில் கிழிந்த உலோகத்தின் முகம் சொரசொரப்பாக இருக்கும். சோர்வினால் பிளந்த முகம் ஒப்புநோக்க வழவழப்பாக இருக்கும். அலைகள் பின்வாங்கிய கடற்கரை மணலில் காணும் வரிகளைப்போல் மெல்லிய கோடுகள் அதில் வரிசையாகப் படிந்திருக்கும். மரத்தின் குறுக்குவெட்டில் வளையங்களைக் கொண்டு வளர்ச்சியை அறிவதுபோல், இக்கோடுகளைக் கொண்டு கீறல் எங்கே பிறந்து எந்தத் திசையில் வளர்ந்தது என்று அறியலாம். 2002-க்குப் பிறகு வாரியம் பழைய விபத்தின் துண்டுகளை எடுத்து மறுபடியும் பார்த்தது. வலது இறக்கையின் துண்டுகளில் அந்தக் கோடுகள் இருந்தன. வெடிப்பு என்ற பழைய முடிவு கைவிடப்பட்டு, உலோகச் சோர்வினால் இறக்கை பிரிந்தது என்று திருத்தி எழுதப்பட்டது. 1994-இலேயே இவ்வாறு படித்திருந்தால் மற்ற சி-130ஏ விமானங்களின் இறக்கைகளை எங்கே திறந்து பார்ப்பது என்று தெரிந்திருக்கும்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1974-இலேயே நாசா அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் டிசி-6பி வகைத் தீயணைப்பு விமானங்களில் கருவிகள் பொருத்தி, தீயின் மேல் பறக்கும்போது இறக்கைகள் படும் பளுவை அளந்திருந்தனர். இரண்டு முதல் 2.4 'ஜி' வரையிலான பளு, பயணிகள் விமானங்களில் ஏற்படுவதைக் காட்டிலும் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு அதிகத் தடவை ஏற்படுகிறது என்று கண்டனர். இதனால் விமானத்தின் கட்டமைப்பு ஆயுள் கணிசமாகக் குறையும் என்று அறிக்கையில் எழுதியும் வைத்தனர். வாக்கர் விபத்துக்கு 28 ஆண்டுகளுக்கு முன்பு!

எழுதி வைத்த அறிவு ஏன் பயன்படவில்லை? இதற்கு விடை பௌதிகத்தில் இல்லை. அலுவலக மேசைகளில் இருக்கிறது. விமானம் தனியாருடையது. வேலை அரசு வேலை. அரசுப் பணியில் பறக்கும் விமானங்களை மேற்பார்வையிடுவது தன் பொறுப்பன்று என்பது விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் நிலை. அந்த நிர்வாகத்தின் சான்றிதழ் இருக்கும்போது விமானம் நன்றாகத்தான் இருக்கும் என்பது வனத்துறையின் எண்ணம். பராமரிப்பு விதிகளோ, அவ்விமானங்கள் முன்பு செய்த வேலைக்காக எழுதப்பட்டவை. தீயின் மேல் பறப்பதால் ஏற்படும் கூடுதல் சோர்வு அவற்றில் கணக்கிடப்படவில்லை. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே விமானிகள் பறந்துகொண்டிருந்தார்கள்.

2002 டிசம்பரில் அறிக்கை தந்த நிபுணர் குழு ஓர் ஒப்பீட்டைச் சொன்னது. இந்தப் பெரிய விமானங்களின் குழுவினர் இறக்கும் அதே விகிதத்தில் தரையில் நிற்கும் தீயணைப்பாளர்களும் இறந்தால், ஆண்டுக்கு 200-க்கு மேற்பட்டவர்கள் பணியில் மாண்டிருப்பார்கள். அப்படி நேர்ந்தால் எந்த நாடு பொறுக்கும்? சி-130ஏ, பிபி4ஒய்-2 வகைகள் இப்பணியிலிருந்து அடியோடு விலக்கப்பட்டன. 2004 ஏப்ரலில் பாதுகாப்பு வாரியம், விமானம் தகுதியானதா என்று உறுதி செய்வது வேலைக்கு அமர்த்தும் அரசுத் துறைகளின் பொறுப்பே என்று தெளிவாகச் சொல்லிற்று. மே மாதத்தில் மிஞ்சிய 33 பெரிய விமானங்களின் ஒப்பந்தங்களும் ரத்தாயின. கோடை தொடங்கும் நேரத்தில் அப்படிச் செய்ததற்குக் கண்டனம் எழுந்தது. என்னைக் கேட்டால், 1974-இல் எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

கட்டமைப்பை ஆராய்ந்து ஆயுளைக் கணித்த பிறகு சில விமானங்கள் மட்டும் திரும்பி வந்தன. இறக்கைகளின் பளுவைப் பறக்கும்போதே பதிவு செய்யும் கருவிகள் பொருத்தப்பட்டன. விதி வெறும் தாளில் நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று: 2011-இல், சோர்வு பற்றிய ஆய்வுகளை உரியபடி முடிக்கவில்லை என்பதற்காக ஒரு நிறுவனத்தின் பி-3 வகை விமானங்களின் ஒப்பந்தத்தை வனத்துறை நிறுத்தியது. டிசி-10 போன்ற பெரிய ஜெட் விமானங்களும் இப்பணிக்கு வந்துள்ளன.

இறக்கை உடையாமல் இருந்தால் ஆபத்து நீங்கிவிடுமா? இல்லை. ஐம்பது மீட்டர் உயரத்தில் விமானியிடம் கையிருப்பாக உயரமும் கிடையாது, நேரமும் கிடையாது. 2012 ஜூலை 1-ஆம் நாள் தெற்கு டகோட்டாவில், இடிமேகத்திலிருந்து தரையை நோக்கிக் கொட்டும் கீழ்க்காற்றில் சிக்கி விமானப்படைக் காவலர்களின் சி-130 ஒன்று விழுந்து, அறுவரில் நால்வர் இறந்தனர். 2020 ஜனவரி 23-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூமா நகருக்கு வடகிழக்கே மற்றொரு சி-130 விழுந்து, அமெரிக்கர் மூவர் மாண்டனர். கலவையில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டு மேலேறும்போது பின்னிருந்து வீசிய காற்று வலுத்து, இறக்கைகளின் மேல் ஓடும் காற்றின் வேகம் குறைந்து, தூக்குவிசை போதாமல் விமானம் விழுந்திருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு கண்டது. அன்று அந்த விமானத்தை முதலில் அடமினபி என்னும் இடத்துத் தீக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். அங்கே அதற்கு வழிகாட்டச் செல்ல வேண்டிய சிறிய விமானத்தின் விமானி, காற்றின் நிலை சரியில்லை என்று அப்பணியை முன்பே மறுத்திருந்தார். அவர் மறுத்த செய்தி பெரிய விமானத்தின் குழுவினருக்குத் தெரிவிக்கப்படவில்லை.